மக்கு ஸ்டிக்

ஒரு ஜாய்ஸ்டிக் மக்காக இருக்க வேண்டும் என்பதற்காக அருளப்பன் அலைந்த அலைச்சலை, கெட்டிக்கார மாப்பிள்ளை தேடும் பெண்வீட்டார்கூட அலைந்திருக்க மாட்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடியின் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, கையில் கிரீஸ் காய்வதற்குள் வண்டியை ரிச்சி தெருவுக்குத் திருப்பிவிடுவான். கடை கடையாக ஏறி ஒரே கேள்விதான் கேட்பான். “மக்கு ஸ்டிக் இருக்குதா?”

பெரும்பாலான கடைக்காரர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். மக்கை வாங்கி யார் கடையில் அடுக்குவார்கள்? விளையாட்டு மேசையில் இருந்தாலும் சரி, துறைமுகக் கிரேனில் இருந்தாலும் சரி, ஸ்டிக் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் கடுகளவு சிப் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்து பல வருடமாகிறது. தன்னைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று அந்தச் சிப்புக்குத் தெரியும். அது தெரியாத ஸ்டிக்தான் மக்கு.

நசீமா மட்டும் சிரிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒண்டியிருக்கும் கடை அவளுடையது. பழைய சர்க்யூட் போர்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், கையில் எப்போதும் சால்டரிங் கம்பி. தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று அவளிடம் கிடைக்கும், அல்லது எங்கே கிடைக்கும் என்ற தகவலாவது கிடைக்கும்.

“கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணே. கெட்டிக்கார ஸ்டிக்குக்கு இன்னா குறைச்சல்? எதுக்கு மக்கைத் தேடி அலையறீங்க?”

“ஒரு டேபிள் செய்யறேன்மா. காக்டெயில் டேபிள்.”

நசீமா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அய்ய, சரக்கு இல்லம்மா. பேர்தான் அப்படி. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஆடற மேசை. நடுவுல ஸ்கிரீன் படுத்திருக்கும், மேல கண்ணாடி. டீ கிளாஸை அது மேலயே வச்சிக்கலாம். கேரம் போர்டு மாதிரின்னு வச்சிக்கோயேன். ஒருத்தர் ஆடி அவுட்டானா, படம் அப்படியே தலைகீழாத் திரும்பி எதிர்ல இருக்கறவருக்கு நேரா நிக்கும். அவர் ஆடி முடிச்சா திரும்ப இந்தப் பக்கம்.”

“நல்லாத்தான் இருக்குது. அதுக்குக் கெட்டிக்கார ஸ்டிக் போட்டா வேலை செய்யாதா? பதிவு பண்ண கைங்களைத்தானே சிப் புடிக்கும். நம்ம கையை எவன் பதிவு பண்ணான்?”

“எங்க வீட்டுக் கையைப் பண்ணிட்டாங்கம்மா.”

“யாரு கை?”

“வடசென்னை வைரம்.”

சால்டரிங் கம்பியிலிருந்து ஒரு சொட்டு ஈயம் மேசை மேல் விழுந்தது. நசீமா அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெயரில் வருகிற விளையாட்டுப் பெட்டியை அவளே நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறாள். பெட்டியை மாட்டினால் எதிராளியாக அந்தக் கை வந்து ஆடும். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வைரத்திடம் தோற்ற கதை ஒன்று சொல்லும். அந்தக் கைக்கு ஓர் ஆள் உண்டு, அந்த ஆளுக்கு ஒரு புருஷன் உண்டு, அவன் தன் கடை வாசலில் கிரீஸ் சட்டையோடு நிற்பான் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

“அவங்க கைன்னா அவங்களை விட்ராதாண்ணே சிப்பு?”

“அவ கை இல்லம்மா இப்ப. கம்பெனி கை. எழுதிக் குடுத்துட்டா. சிப்புக்கு அவளும் ஒண்ணுதான், அவளைப் பாத்துக் காப்பியடிக்கறவனும் ஒண்ணுதான். வச்சா ரெண்டு நிமிஷத்துல பூட்டிக்கும்.”

“எதை வச்சிக் கண்டுபுடிக்குது? எந்தப் பக்கம் திருப்பறாங்கன்னா?”

“பக்கம் இல்லம்மா. எவ்ளோ நேரம் பொறுக்கறாங்க, எப்பத் திருப்பறாங்க, அதான். தூரத்துல வர்றவங்க முகம் தெரியாட்டியும் நடையைப் பாத்து ஆளைச் சொல்றோம்ல? அந்த மாதிரி.”

அந்த நடையை, அதாவது அந்தக் கையை, அருளப்பன் முதன்முதலில் பார்த்தது காசிமேட்டுப் பக்கம் ஒரு கேரம் கிளப்பில். கிளப்பின் மூலையில் யாரோ கொண்டுவந்து போட்ட பழைய காக்டெயில் மேசை ஒன்று இருந்தது. அதில் ஓடியது ஒரே ஓர் ஆட்டம். கட்டுமரம் ஒன்று அலைகளுக்கு நடுவே போகும், சுறாக்கள் துரத்தும், தப்பித்துக் கரை சேர வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஜெசிந்தா என்ற பெண் வேலை முடிந்து வந்து அதில் உட்காருவாள். எதிரே உட்கார ஆள் தேவை. தோற்றாலும் கோபித்துக்கொள்ளாத ஆளாகப் பார்த்து எல்லாரும் சேர்ந்து அருளப்பனை உட்காரவைத்தார்கள்.

அவனுடைய கட்டுமரம் கண்மூடித் திறப்பதற்குள் மூழ்கிவிடும். அவளுடையது மூழ்கவே மூழ்காது. ஆகவே அவன் ஆடிய நேரத்தைவிட எதிரே உட்கார்ந்து அவள் ஆடுவதைப் பார்த்த நேரம்தான் பல மடங்கு. அதுவும் தலைகீழாக. சுறா வாயைத் திறந்துகொண்டு வரும். சுற்றி நிற்பவர்கள் “திருப்பு, திருப்பு” என்று கத்துவார்கள். அவள் திருப்ப மாட்டாள். அரை மூச்சு பொறுப்பாள். பிறகு போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டிக்கைச் சின்னதாக ஒரு தட்டு தட்டி, ஒரே வெட்டு. சுறா ஏமாந்து போகும். கிளப்பே கூத்தாடும். அருளப்பன் மட்டும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருப்பான். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும், அந்த அரை மூச்சை நினைத்தால் அவனுக்குப் புல்லரிக்கும்.

விளையாட்டுப் பெட்டி விற்கும் கம்பெனிக்காரர்கள் வந்தபோது அதில் தப்பாக யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விரல்களில் ஒயர் ஒட்டி ஒரு வாரம் ஆடச் சொன்னார்கள். “கையை வெட்டியா கேக்கறாங்க? பதிவுதானே” என்றாள் ஜெசிந்தா. அந்தப் பணத்தில் சிங்காரத் தோட்டத்தில் இரண்டு அறை வீடு வந்தது. அதற்கு அப்புறம்தான் சட்டம் வந்தது, சிப் வந்தது. ஒரு நாள் துறைமுகத்தில் கப்பலுக்கு மேலே கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்த ஸ்டிக் விறைத்து நின்று, இது பதிவுரிமை பெற்ற கை என்று கூவியது. கீழே ஆட்கள் சிதறி ஓடினார்கள். மேனேஜர் நல்ல மனுஷன். “உங்க கையில தப்பில்ல மேடம். உங்க கை உங்களுது இல்ல, அதான் பிரச்சினை” என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அவளைக் கிரேனிலிருந்து இறக்கி, வாசலில் லாரிகளுக்கு பாஸ் கொடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் ஸ்டிக்கைத் தொடவில்லை. அருளப்பனும் தொடவில்லை. பெண்டாட்டிக்கு இல்லாத ஆட்டம் எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டான். ஆனால் கோவிலில் பிரசங்கம் நீளும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அவள் கட்டைவிரல் சும்மா அசைந்துகொண்டிருப்பதை அவன் பார்த்திருக்கிறான். கை இன்னும் சாகவில்லை என்று அவன் முடிவு கட்டியது அப்படித்தான். அதற்கு ஆட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதானே. இடத்தை நாமே செய்துவிட்டால் போகிறது.

ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“மொட்டைத் தலைக்கு சீப்பு வாங்கினு வரியா? வேற வேலை இல்லியா யோவ் உனக்கு?”

“நீ சும்மா இரு ஜெசி. நான் செய்யறேன். புடிக்கலன்னா சாப்பாட்டு மேசையா வச்சிக்கலாம்.”

அப்புறம் தொடங்கியது பாகம் தேடும் படலம். ஆள் பார்க்கச் சாதுவே தவிர, பாகம் என்று வந்துவிட்டால் அருளப்பனைப் போலப் பிடிவாதக்காரன் கிடையாது. திரைக்குத் தட்டையான புது வகை வேண்டவே வேண்டாம் என்றான். அதற்குள்ளும் ஏதாவது ஒரு கெட்டிக்காரன் குந்தியிருப்பான். எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடிக்கும்போது, மேல்மாடி எக்ஸ்ரே அறையில் கிடந்த பழைய குண்டுக் கண்ணாடி டியூப் மானிட்டரைக் கேட்டு வாங்கிவந்தான். அதைத் தூக்கி மூன்று மாடி இறங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு மரைன் பிளைவுட். சாதாரணப் பலகை ராயபுரத்துக் கடல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் அப்பளமாகப் பொரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். மேல் கண்ணாடிக்கு, கீறல் விழாமல் கழற்றிய லிஃப்ட் கதவுக் கண்ணாடி. ஆட்டம் ஓடும் போர்டு கேரம் கிளப்பை மூடியவர் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பல்லி முட்டையைத் துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் கட்டுமரம் ஆடி அசைந்து வந்தது.

மனிதன் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

பட்டனுக்கு மட்டும் ஜெசிந்தா வாய் திறந்தாள். லிஃப்டில் மாட்டுகிற வட்டப் பட்டன்களை அவன் கொண்டுவந்து வரிசையாக வைத்தபோது எடுத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

“இதை வச்சி ஆடினா நான் கரைக்குப் போக மாட்டேன், நாலாவது மாடிக்குத்தான் போவேன். ரொம்ப ஆழமா போவுது பாரு. தொட்டா எழுந்துக்கணும் அது.”

அவள் கேலி செய்தாள் என்பதைவிட, பட்டனின் ஆழத்தைப் பற்றிப் பேசினாள் என்பதுதான் அருளப்பன் காதில் விழுந்தது. மறுநாளே தொட்டால் எழுந்துகொள்ளும் பட்டனாகத் தேடிப் போனான்.

மிச்சம் இருந்தது ஸ்டிக். நசீமா ஒரு நாள் போன் செய்தாள். வேலூர்ப் பக்கம் விளையாட்டுக் கூடம் ஒன்றை மூடியவர்கள் விற்ற பெட்டி வந்திருக்கிறதாம், அதில் ஒரு ஜோடி ஸ்டிக், சட்டத்துக்கு முந்தைய சரக்கு.

“தொறந்து பாத்தேண்ணே, சிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியல. ஆனா கண்ணை நம்ப முடியாது. பழைய ஸ்டிக்குங்களுக்கும் சட்டம் வந்தப்புறம் சிப்பு ஒட்டியிருக்காங்க, மேல பிசினை ஊத்தி. கை வச்சிப் பாத்தாத்தான் நிச்சயம். அக்காவைக் கூட்டியாங்க.”

ஜெசிந்தா வரமாட்டேன் என்றாள். ஜனங்களுக்கு முன்னால் ஸ்டிக் தன் கையைப் பிடித்துத் திருடி என்று கூவுவதை இன்னொரு முறை கேட்க முடியாது என்றாள். அருளப்பன் கெஞ்சவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான், அவளுடைய தட்டையும் சேர்த்துக் கழுவினான். சனிக்கிழமை அவளே புடவையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

நசீமா ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். சின்னத் திரை ஒன்றில் சோதனை ஆட்டம் ஓடியது. ஜெசிந்தா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டிக்கைப் பிடித்தாள். உள்ளே சுவிட்ச் டிக் என்றது, மறுபடி டிக் என்றது. அருளப்பனுக்கு ஆட்டத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, ஸ்டிக்கின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விறைக்குமா, சிவப்பு விளக்கு எரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. வாங்கிவைத்த டீயில் ஆடை படியும் வரை ஆடினாள். ஸ்டிக் தன்பாட்டுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு மக்காக அசைந்தது.

“பேசலியே இது” என்றாள் ஜெசிந்தா, மெதுவாக.

“சுத்த மக்குக்கா!” என்று நசீமா கைதட்டினாள். அருளப்பன் பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

ஜோடியில் மற்றதையும் சோதித்துவிடலாமா என்று நசீமா கேட்டாள். ஜெசிந்தாவுக்கு அப்போது கொஞ்சம் குஷி வந்திருந்தது.

“அது இவன் பக்கம் மாட்டறது. இவன் கையை எந்தக் கம்பெனி வாங்கப் போவுது? கட்டுமரத்தை முழுக வைக்கறதுக்கா?”

மூவரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அருளப்பன்தான்.

மேசை தயாரானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டு, கை கழுவியதும் அவன் துணியை விலக்கிக் காட்டினான். அழகான மேசைதான், சும்மா சொல்லக் கூடாது. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தடவினால் சோப்புக்கட்டி போல வழுக்கியது. கண்ணாடிக்கு அடியில் நீலக் கடல் மினுங்கியது. ஒரு பொத்தானைக்கூட அவன் அதுவரை அழுத்திப் பார்க்கவில்லை. மீட்டர் வைத்து ஒயர்களைச் சோதித்ததோடு சரி. முதல் ஆட்டம் அவளுடையதாக இருக்க வேண்டும்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். கட்டுமரம் புறப்பட்டது. முதல் சுறா வந்தது. கட்டுமரம் மூழ்கியது.

படம் தலைகீழாகத் திரும்பி அருளப்பனைப் பார்த்து நின்றது. அவன் உடனே தன் பக்கத்துப் பட்டனை அழுத்தித் தன் முறையை விட்டுக்கொடுத்தான். படம் அவள் பக்கம் போனது. மறுபடி மூழ்கியது. அவன் மறுபடி விட்டுக்கொடுத்தான்.

“ஸ்பிரிங் இறுக்கமா இருக்குது” என்றாள் அவள்.

அருளப்பனுக்கு அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இளகிய ஸ்பிரிங் வந்துவிட்டது. அப்புறம் பிடி வழுக்குகிறது என்றாள். உருண்டைப் பிடியைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்காய் மாதிரிப் பிடி போட்டான். அப்புறம் டிக் சத்தம் தாமதமாகக் கேட்கிறது என்றாள். லிஃப்ட் கதவுக்குப் போடுகிற நல்ல சுவிட்சுகளைப் போட்டான். நாற்காலி உயரம், மேசைக் கால், படத்தின் வெளிச்சம். அவள் குறை சொல்லச் சொல்ல அவன் ஓடினான். ஒவ்வொரு பாகமும் முந்தையதைவிட மேலானதாக வந்து சேர்ந்தது. கட்டுமரம் மட்டும் மூழ்கிக்கொண்டே இருந்தது.

சிரமப்பட்டுச் செய்த மேசை இப்படிப் பழிவாங்குகிறதே என்று அவன் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. தப்பு ஏதோ ஒரு பாகத்தில்தான் இருக்க வேண்டும், அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமில்லை. நம்பிக்கையில் அவன் கொஞ்சம் மண்டுதான். அந்த மண்டுத்தனம் இல்லாத ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் புது ஸ்பிரிங்குகளை ஒரு தட்டில் பரப்பிவைத்துக்கொண்டு, “இதுல எது இதமா இருக்குதுன்னு பாரு ஜெசி” என்றான்.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“போதும்யா. உன் டேபிள்ல ஒரு குறையும் இல்ல. எல்லா பாகமும் சரியாத்தான் இருக்குது. என் கைதான் சரியில்ல.”

“அப்படிச் சொல்லாத. பழக்கம் விட்டுப் போச்சி, அவ்ளோதான்.”

“பழக்கம் விட்டுப் போவல. நானா விரட்டிட்டேன்.” அவள் கண்ணாடி மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள். “கிரேன் வேலை போகாம இருக்கணும்னு இன்னா பண்ணேன் தெரியுமா? சிப்பு புடிக்கக் கூடாதுன்னு வேற ஆள் மாதிரி ஓட்டிப் பழகினேன். பொறுக்கணும்னு தோணுனா பொறுக்க மாட்டேன். திருப்பணும்னு தோணுனா நிறுத்துவேன். தினம் எட்டு மணி நேரம், என் கையை நானே அடிச்சி அடக்கினேன். அப்பவும் பூட்டிடுச்சி, வேலை போச்சி. ஆனா அடக்கினது அடக்கினதுதான். கம்பெனிக்காரன் காப்பிதான் எடுத்துனு போனான் அருளு. ஒரிஜினலை அழிச்சது நான்.”

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை. பேருந்துக் கம்பியில் அசைந்த கட்டைவிரல், தொலைந்துபோனதைத் தேடிக்கொண்டிருந்த விரல் என்பது அருளப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்பிரிங் தட்டைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

படம் அவன் பக்கம் திரும்பியே நின்றது. அவள் கடைசியாக மூழ்கியதற்குப் பிறகு அவன் விட்டுக்கொடுக்கும் பட்டனை அழுத்தியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாத மனிதன் கையில் கிடைத்ததைச் செய்வான். அவன் தன் பக்கத்து ஸ்டிக்கைப் பிடித்தான். சீக்கிரமாக ஒரு முழுகு முழுகிக் காட்டினால், அந்தக் காலம் போல இவள் சிரிப்பாளோ என்றுதான் நினைத்தான்.

கட்டுமரம் புறப்பட்டது. முதல் அலையை எப்படித் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. சுறா வாயைத் திறந்தபடி நேரே வந்தது. பொறு, பொறு என்று உள்ளே ஏதோ சொன்னது. எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு தட்டு, அப்புறம் வெட்டு. சுறா தாண்டிப் போய்விட்டது. அடுத்தது வந்தது. அதற்கும் அப்படியே. அவனுக்குப் பயமாகக்கூட இருந்தது. தான் ஆடுகிற மாதிரியே இல்லை, தெரிந்த பாட்டு ஒன்று தானாக வாயில் வருகிற மாதிரி இருந்தது.

எதிரே ஜெசிந்தா குனிந்திருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள். அவள் கண்கள் தலைகீழாகப் போகும் கட்டுமரத்தை விட்டு நகரவில்லை.

“அருளு,” என்றாள். “நிறுத்தாத.”

அவன் நிறுத்தவில்லை. ஸ்டிக்தான் நிறுத்தியது. கையில் விறைத்துக் கட்டையாகி நின்றது. கழுத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், அறிவிப்புச் செய்யும் அலட்சியத்தோடு சொன்னது: “இந்தக் கை பதிவுரிமை பெற்றது. பதிவுப் பெயர், வடசென்னை வைரம். அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம்.”

அருளப்பன் சூடுபட்டவன் போலக் கையை எடுத்தான். அவனுக்கு முதலில் தோன்றியது ஒரு மெக்கானிக்குக்குத் தோன்றுவதுதான். “சிப்பு இருக்குது ஜெசி! அய்யோ, சோதிக்காம மாட்டிட்டேனே.” ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் பக்கத்து ஸ்டிக்கைக் கழற்றினான். தளத்துக்கு அடியில் இருந்த வெள்ளைப் பிசினைச் சுரண்டியதும், உள்ளே கடுகளவு கறுப்பு. அதே வேகத்தில் போய் அவள் பக்கத்து ஸ்டிக்கையும் கழற்றினான். எத்தனையோ முறை கழற்றி மாட்டியும் அவன் சுரண்டிப் பார்க்காத அதே பிசின், உள்ளே அதே கடுகு. அதைப் பார்த்த பிறகுதான், பார்த்திருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது.

“என் பக்கமும் கெட்டிக்கார ஸ்டிக்குதான்” என்றாள் ஜெசிந்தா. “நசீமா கடையிலயும், இங்கயும், இத்தினி வாரமா வச்சி ஆடறேன். ஒரு தடவைகூட என்னை அதுக்கு யாருன்னு தெரியல.”

மக்கு ஸ்டிக் என்று அவன் கொண்டாடியது, அவளைக் கண்டுகொள்ளாத ஸ்டிக். கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவன் சிந்திய கண்ணீர் எதற்கு என்று இப்போது நினைக்கவே கூசியது. “மன்னிச்சிடு தாயே” என்றான். “நான் சும்மா இருந்திருக்கணும். உனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.”

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள். அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். நகக்கண்ணில் கிரீஸ், கட்டைவிரலில் கேபிள் அறுத்த தழும்பு. லிஃப்ட் மெக்கானிக்கின் சாதாரணக் கை. அதைத்தான் சிப் வைரம் என்று சொல்லியிருக்கிறது.

“எப்பக் கத்துக்கின?”

“நான் எங்க கத்துக்கினேன்? நீ ஆடுன, நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கினு இருந்தேன். அவ்ளோதான்.”

“அந்தக் கிளப்புல எத்தினியோ பேர் பாத்தாங்க.”

“அவங்க ஆட்டத்தைப் பாத்தாங்க ஜெசி.”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் பதறினான். நிமிர்ந்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளப்பில் சுறாவை ஏமாற்றிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தச் சிரிப்பு.

“கம்பெனிக்காரனுக்காவது கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்யா. நீ எங்கிட்ட எதுவுமே வாங்காம எடுத்து வச்சிக்கினு கம்முனு இருந்திருக்க, திருட்டுப் பய.”

“எனக்கே தெரியாதே.”

“தெரிஞ்சிருந்தா நீ இன்னேரம் பயந்து மறந்திருப்ப.”

அவள் எழுந்து, கழற்றிப் போட்ட இரண்டு ஸ்டிக்குகளையும் ஸ்பிரிங் தட்டோடு சேர்த்து ஓரமாக வைத்தாள். மேசைக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கடல் அவன் பக்கம் பார்த்து இன்னும் அலையடித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு லீவு போடு. நசீமா கடைக்குப் போவோம். இன்னொரு ஜோடி பாக்கணும், நெசமான மக்கு. இந்தத் தடவை கையை வச்சி நீதான் சோதிக்கணும். உன்னைப் பூட்டாததா பாத்து வாங்கலாம்.”

“வாங்கினு வந்து?”

“வாங்கினு வந்து இன்னா, நீ ஆடு.” ஜெசிந்தா எதிர்ப்பக்கம் போய், அந்தக் காலத்தில் கிளப்பில் அவன் உட்கார்ந்து பார்த்ததைப் போல, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “நான் பாத்துக்கினு இருக்கேன்.”